நுரையீரல் புற்றுநோயின் ஆபத்தைக் குறைத்துக்கொள்வது எப்படி: பர்மாத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

நுரையீரல் திசுவுக்குள் வலியை உணர்த்தும் நரம்புகள் மிகக் குறைவு. அதனால்தான் அங்கே ஒரு கட்டி முளைத்து, கொட்டைப்பாக்கு அளவுக்கு வளர்ந்து, சில வேளைகளில் எலும்புக்கோ மூளைக்கோ பரவிய பிறகும்கூட, அதைச் சுமப்பவர் வழக்கம்போலக் கடைக்குப் போய்வந்துகொண்டும் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்துகொண்டும் இருக்கிறார். பர்மாவின் மோல்மீன் நகரில் இருந்த என் பெரியப்பா அப்படித்தான் இருந்தார். ஏழு மாதம் இருமினார். அதில் பாதிக் காலம் காசநோய் மருந்து சாப்பிட்டார். உண்மையான நோயின் பெயர் எங்கள் காதில் விழுந்தபோது, அவருக்கு மிச்சமிருந்தது ஒரு மழைக்காலம்கூட இல்லை.

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் 18 லட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களைக் கொள்வதில்லை. நோய் முற்றிய பின்பே வெளியே தெரிவது இதற்கு ஒரு பெரிய காரணம். ஆகவே இந்த நோயைப் பொறுத்தவரையில், வந்த பின் செய்யும் மருத்துவத்தைவிட வருமுன் செய்யும் காரியங்களே நம் கைக்குள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் செய்தவருக்கு நோய் வரவே வராது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளும் புகைபிடிக்காத பெண்களுக்கும், குறிப்பாக ஆசிய நாட்டுப் பெண்களுக்கு, இது வருகிறது. ஆனால் ஆபத்தைப் பெருமளவில் குறைக்க முடியும் என்பதில் ஐயமில்லை. எதை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசை தெரிந்தால், கையிலுள்ள கொஞ்சப் பணத்தையும் மன உறுதியையும் சரியான இடத்தில் செலவிடலாம். பிறர் அறிவுரை கேட்டு முகமூடிக்கும் சத்து மாத்திரைக்கும் காசைக் கொடுத்துவிட்டு, வாயில் சுருட்டோடு உட்கார்ந்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவதாக, புகையிலை

உலகில் ஏற்படும் நுரையீரல் புற்றுநோய்களில் 100க்கு ஏறத்தாழ 85 புகைபிடிப்பதால் வருபவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. புகைபிடிக்காதவரோடு ஒப்பிட்டால், சிகரெட் பிடிப்பவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 15 முதல் 30 மடங்கு வரை அதிகம். நான் கீழே எழுதப்போகும் மற்ற எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, புகையிலையை மட்டும் மறு தட்டில் வைத்தாலும், புகையிலையின் தட்டே தாழும். எனவே உங்கள் வீட்டில் புகைபிடிப்பவர் ஒருவர் இருந்தால், அவர் அதை நிறுத்துவது வரைக்கும் மற்றவை அனைத்தும் இரண்டாம் பட்சமே.

நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தவுடன் வரும் முதல் பதில், "நான் பிடிப்பது சிகரெட் இல்லை, சுருட்டுதானே" என்பது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'செரூட்' என்ற சொல்லே நம்முடைய 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனது. பெயர் கொடுத்த உரிமையாலோ என்னவோ, சுருட்டின் மேல் நமக்கு ஒரு தாட்சண்யம் இருக்கிறது. பர்மியர்கள் 'சேபோலெய்' என்று அழைக்கும் பச்சைச் சுருட்டு, நறுவிலி மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் இலையில் சுற்றப்படுகிறது. உள்ளே புகையிலைத் தூளோடு புகையிலைத் தண்டின் சீவலையும் கலந்து அடைக்கிறார்கள். வாய் வைக்கும் நுனியில் மக்காச்சோளத் தோகையை மடித்துச் செருகுகிறார்கள். இலை பச்சை, தோகை இயற்கை, காரம் குறைவு. எனவே கெடுதலும் குறைவு என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். தோகை, நெருப்புத் துகள் வாய்க்குள் போகாமல் தடுக்கும், புகையைத் தடுக்காது. இலை எதுவானாலும், புகையிலை எரியும்போது எழும் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன, அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்குபவை.

என் தகப்பனார் மாலை நேரங்களில் திண்ணையில் அமர்ந்து இந்தச் சுருட்டைப் பிடிப்பார். சுருட்டு பெருவிரலைவிடத் தடிமனாக இருக்கும். தணல் பொறிப் பொறியாக உதிரும் என்பதால், இடது கையில் பழைய பால் டப்பாவின் மூடி ஒன்றைத் தாடைக்குக் கீழே ஏந்தியிருப்பார். அவருடைய லுங்கி ஒவ்வொன்றிலும் மடியருகே ஊசி முனையளவுக் கருகல் ஓட்டைகள் இருந்தன. துணியில் விழுந்த அந்த ஓட்டைகளை அம்மா எண்ணிச் சொல்லிச் சண்டை போடுவார். உள்ளே நுரையீரலில் என்ன விழுந்தது என்று எண்ண எங்களில் யாருக்கும் அன்று தெரியவில்லை. அந்த மூடியைக் கழுவி அடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டிருந்தது.

இரண்டாவதாக வரும் பதில், "குறைத்துவிட்டேன்" என்பது. குறைப்பது நல்லதுதான், ஆனால் அதில் நின்றுவிடக் கூடாது. நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறோம் என்பதைக் காட்டிலும் எத்தனை ஆண்டுகளாகப் பிடிக்கிறோம் என்பதே ஆபத்தை வேகமாக ஏற்றுகிறது. ஒரு நாளைக்குப் பத்து என்பதை ஐந்தாக்கி, அந்த ஐந்தை இன்னும் இருபது ஆண்டு தொடர்பவர், தாம் நினைக்கும் அளவுக்குத் தப்பிக்கவில்லை. நிறுத்தும் தேதியே முக்கியம்.

மூன்றாவது பதில்தான் என்னை அதிகம் வருத்துவது: "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது?" இது உண்மையல்ல என்று நிறுவுவதற்காகவே ஒருவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1950ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்து, புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்ட ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகிய இருவரில் முன்னவர், பிரிட்டிஷ் மருத்துவர்கள் பல்லாயிரம் பேரின் புகைப் பழக்கத்தை 1951 முதல் தொடர்ந்து கவனித்து, 2004இல் 50 ஆண்டுக் கணக்கை வெளியிட்டார். அதன்படி, 60 வயதில் நிறுத்தியவருக்கு ஏறத்தாழ 3 ஆண்டு ஆயுள் கூடக் கிடைக்கிறது. 50 வயதில் நிறுத்தினால் 6 ஆண்டு, 40 வயதில் 9 ஆண்டு, 30 வயதில் 10 ஆண்டு. நிறுத்திப் பத்து ஆண்டு கழிந்தால், தொடர்ந்து பிடிப்பவரோடு ஒப்பிடும்போது நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிறது. அறுபது வயதுத் தாத்தாவுக்கும் இது பொருந்தும் என்பதால், "அவரை விட்டுவிடுங்கள், பழகிவிட்டார்" என்று பிள்ளைகள் சொல்லக் கூடாது.

எப்படி நிறுத்துவது என்பதற்கு, நம் சமூகத்துக்கு வெளியே தேடிப் போக வேண்டிய அவசியம் பாதிதான். தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்ட நாள் முதல் பூக்குழி இறங்கும் நாள் வரை, நாற்பது ஆண்டுகளாகச் சுருட்டு பிடித்த மனிதர்கள் அதைத் தொடாமல் இருப்பதை நாம் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். அவர்களை யாரும் கட்டிப்போடவில்லை. அம்மனுக்குக் கொடுத்த சொல் ஒன்றுதான் அவர்களைத் தாங்குகிறது. ஊரெல்லாம் பார்க்க மஞ்சள் துணி உடுத்திக்கொண்டு புகைபிடிக்க அவர்களுக்குக் கை நீளாது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை பல. நாள் குறித்து நிறுத்துவது. பலரறியச் சொல்லிவிட்டு நிறுத்துவது. பொருளை வீட்டிலேயே வைத்திராமல் நிறுத்துவது. கூட இருப்பவர்களும் சேர்ந்து நோன்பிருப்பது. புகையிலையில் உள்ள போதைப்பொருளான நிகோட்டினுக்கு உடம்பு ஏங்கித் தவிப்பது முதல் மூன்று நாளில் உச்சத்தில் இருந்து, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அதாவது, காப்புக் கழற்றும் நாளில் மிகக் கடினமான பகுதியைக் கடந்தாகிவிட்டது. அன்று மாலையே தேநீர்க் கடையில் உட்கார்ந்து மீண்டும் பற்ற வைப்பதுதான் நடக்கும் பிழை. அந்த ஒரு மாலையைத் தாண்ட உதவி செய்வது குடும்பத்தின் கடமை என்று நான் கருதுகிறேன். காப்பை அவிழ்த்தாலும் இந்த ஒன்றை மட்டும் அவிழ்க்காமல் வைத்திருக்கும்படி, அவருடைய பேரப்பிள்ளையைக் கொண்டே கேட்கச் செய்யுங்கள்.

ஏக்கம் எழும்போது அது முடிவில்லாமல் நீளும் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நேரத்தில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாகக் குடிப்பது, மூச்சை ஆழ இழுத்துவிடுவது, ஏலக்காயோ கிராம்போ வாயில் போட்டுக்கொள்வது, எழுந்து தெருமுனை வரை நடந்து வருவது ஆகியவை போதும். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு இருக்கும்போது பிடிக்கத் தோன்றுகிறது என்பதை நிறுத்துவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே குறித்து வைத்தால், மாற்றிக்கொள்ள வேண்டியது எது என்று தெரியும். காலை மொஹிங்காவுக்குப் பின் ஒன்று என்பது வழக்கமானால், ஒரு மாதத்துக்கு அந்த உணவை வீட்டுக்கு வாங்கிவந்து உண்பதில் குறைவில்லை. நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை போன்றவை, வெல்லும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும். கிடைக்குமிடத்தில் மருத்துவரைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு முறை தவறிவிட்டால், அன்றைய தினத்தை மட்டும் இழந்ததாகக் கொண்டு மறுநாள் தொடர வேண்டும். பலரும் பல முறை முயன்ற பிறகே வென்றிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சுருட்டை விடுபவர்கள் அந்த இடத்தில் புகையிலை போட்ட வெற்றிலையை, அதாவது குன்யாவை, வைத்துக்கொள்கிறார்கள். நுரையீரலுக்குத் தப்பித்த ஆபத்து வாய்க்கும் உணவுக் குழாய்க்கும் போய்ச் சேரும். புகையிலை இல்லாவிட்டாலும் கொட்டைப்பாக்கு தன்னளவில் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ரங்கூன் இளைஞர்களிடம் பரவிவரும் மின்சிகரெட்டும், இதுவரை புகைக்காத ஒருவர் தொட வேண்டிய பொருள் அல்ல.

மற்றவர் விடும் புகை

புகைபிடிக்கும் கணவரோடு வாழும் பெண்ணுக்கு, தாம் ஒரு நாளும் பிடிக்காவிட்டாலும், நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 20 முதல் 30 விழுக்காடு கூடுகிறது. சன்னலைத் திறந்து வைப்பதும் மின்விசிறியைப் போடுவதும் இதைப் போக்குவதில்லை. வீட்டுக் கூரைக்குக் கீழ் யாரும், விருந்தாளியானாலும், பற்ற வைக்கக் கூடாது என்ற ஒரே விதிதான் வேலை செய்யும். மாமனார் வந்திருக்கும்போது இதை எப்படிச் சொல்வது என்று தயங்கும் மருமகள்களை அறிவேன். அவர்கள் சொல்லத் தேவையில்லை. வீட்டு ஆண்பிள்ளை தாமே நாற்காலியை எடுத்துப்போய் வெளியே, வாசலைவிட்டுத் தள்ளிப் போட்டு, "அப்பா, இங்கே காற்றாட உட்காருங்கள், உள்ளே பிள்ளை தூங்குகிறது" என்று சொன்னால், மரியாதையும் கெடாது, வீடும் தப்பும். பொது இடங்களில் புகைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இந்நாட்டில் 2006 முதல் இருக்கிறது. கோயில் மண்டபத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் நாமே அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது நல்லது.

அடுப்படி

இந்தப் பகுதியைப் பெண்களை நினைத்து எழுதுகிறேன். புகையிலையைத் தொடாத நம் தாய்மார்களின் நுரையீரலில் கரி சேர்ந்தது அடுப்படியில்தான். மோல்மீனில் நாங்கள் இருந்த மரவீட்டின் அடுப்படி மூங்கில் தட்டியால் ஆனது. ஓலைக் கூரையின் உட்புறம் முழுவதும் கருமை. அதிலிருந்து ஒட்டடை கருநூலாகத் தொங்கும், காற்றடித்தால் அசையும். அம்மா ஆண்டுக்கொரு முறை, பொங்கலுக்கு முன், முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு அதைத் தென்னந்துடைப்பத்தால் தட்டுவார். அன்று இரவு அவர் காறித் துப்பும் சளி கறுப்பாக இருக்கும். கூரையில் படிந்ததை ஆண்டுக்கு ஒரு முறை தட்டினார். அதே புகையை நாள்தோறும் நான்கு மணி நேரம் சுவாசித்த நுரையீரலைத் தட்டிவிட வழியில்லை.

வீட்டுக்குள் நிலக்கரி எரிக்கும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகையிலும், விறகு போன்றவற்றின் புகையை, உண்டாக்கக்கூடும் என்ற அடுத்த வகையிலும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அதிகச் சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவியும் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது. தெருவோரம் நாள் முழுதும் வடையும் சமூசாவும் பொரித்து விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுப்பை மாற்றினால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, நம் எல்லையை ஒட்டிய, சீனாவின் யுன்னான் மாநிலத்திலிருந்தே விடை கிடைத்திருக்கிறது. அங்குள்ள சுவான்வெய் என்னும் பகுதியில், புகை மிகுந்த நிலக்கரியைப் புகைபோக்கியே இல்லாத குழியடுப்புகளில் வீட்டுக்குள் எரித்தார்கள். பெண்கள் ஏறக்குறைய யாருமே புகைபிடிக்காத அந்த ஊரில், நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் பெண்களின் விகிதம் சீனாவிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. பின்னர் பல வீடுகளில் புகைபோக்கி வைத்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வின்படி, புகைபோக்கி வைத்த வீடுகளில் ஆபத்து ஆண்களுக்கு 41 விழுக்காடும் பெண்களுக்கு 46 விழுக்காடும் குறைந்தது. அவர்கள் எரிபொருளைக்கூட மாற்றவில்லை. புகைக்கு ஒரு வழி விட்டார்கள், அவ்வளவே. அந்தப் பயன் தெளிவாகத் தெரியப் பத்தாண்டுகள் பிடித்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆகையால் இன்று வைக்கும் புகைபோக்கி, இன்று பள்ளிக்குப் போகும் மகளுக்காக வைப்பது.

நம் நிலைமையில் என்ன செய்யலாம்? மின்சார அடுப்பும் எரிவாயுவும் கிடைக்கும் வீட்டில் அவற்றையே பயன்படுத்துவது சிறந்தது. ஆனால் மின்சாரம் எந்நேரம் வரும் என்று தெரியாத இந்நாட்களில், வைத்திருந்த மின்சார அடுப்பை ஓரத்தில் வைத்துவிட்டுக் கரியடுப்புக்குத் திரும்பிய குடும்பங்கள் ரங்கூனிலேயே ஏராளம் என்பதால், அதை மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை. மின்சாரம் வரும் வேளையில் சோற்றையும் பருப்பையும் வேக வைத்து முடித்துக்கொண்டு, கரியடுப்பைத் தாளிக்கவும் சூடாக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பருப்பையும் அரிசியையும் முன்கூட்டியே ஊற வைத்தாலும், பாத்திரத்தை மூடி வைத்தாலும் அடுப்பெரியும் நேரம் கணிசமாகக் குறையும். கரியடுப்பில் அதிகப் புகை எழுவது பற்ற வைக்கும் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களில். ஆகவே அடுப்பை வெளியே, முற்றத்திலோ மாடியின் திறந்த பகுதியிலோ பற்ற வைத்து, கரி கனன்று சிவந்த பின்பே உள்ளே எடுத்து வர வேண்டும். பற்ற வைக்கப் பிளாஸ்டிக் பையையோ ரப்பர் துண்டையோ பயன்படுத்தவே கூடாது. சிவந்த கரி புகை விடாவிட்டாலும் மணமில்லாத கார்பன் மோனாக்சைடை விடும் என்பதால், கதவடைத்த அறையில் அதை வைத்துக்கொண்டு தூங்கினால் உயிருக்கே ஆபத்து. விறகு எரிப்பவர்கள் நன்கு உலர்ந்த விறகையே எரிக்க வேண்டும். மழைக்காலத்துக்கான விறகைச் சித்திரைக்கு முன்பே வாங்கிக் கூரைக்குள் அடுக்கிவிடுவது உதவும். அடுப்புக்கு மேலே, கூரைக்குக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு திறப்புகள் இருந்தால் புகை தங்காது. தகரக் குழாயில் புகைபோக்கி வைப்பவர்கள், அதன் வாய் கூரைக்கு மேலே நீண்டிருக்கும்படியும், அடுத்த வீட்டுச் சன்னலை நோக்காதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூதும் வழக்கத்தை அறவே விட வேண்டும்.

அடுப்படியைச் சரிசெய்துவிட்டு, படுக்கையறையில் கதவைச் சாத்திக் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்துவது பொருந்தாத காரியம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வெளிவிடும் நுண்துகளுக்கு நிகராக இருந்ததாக 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. கொசுவலை ஒன்று இந்த வேலையை எந்தப் புகையும் இல்லாமல் செய்துவிடும். நம் மூத்தோர் எல்லோருடைய கட்டிலிலும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பூசையறையின் சாம்பிராணியை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போடுங்கள்.

மின்வெட்டு நேரத்தில் ஓடும் ஜெனரேட்டரைப் பற்றி அதிகம் யோசிக்கப்படுவதில்லை. டீசல் இயந்திரப் புகை புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று, மேலே சொன்ன புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. வெளிக்காற்று மாசும் அடுத்த ஆண்டே அந்த முதல் வகையில் சேர்ந்தது. கடை வாசலில் நடைபாதையில் வைத்திருக்கும் ஜெனரேட்டரின் புகை நேராகக் கல்லாவில் இருப்பவரின் முகத்துக்கு வருவதைத் தெருத்தெருவாகப் பார்க்கிறேன். குழாயின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, முடிந்தால் இரும்புக் குழாய் இணைத்து உயரே ஏற்றுவதற்குப் பெரிய செலவில்லை. விளக்கும் விசிறியும் மட்டும் போதுமென்றால், சூரிய மின்தகடும் மின்கலமும் நாளடைவில் டீசலைவிட மலிவாகவே முடியும்.

கூரை, தொழில், கிணற்று நீர்

பழைய கட்டடங்களின் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கலாம். முழுதாக, அசையாமல் இருக்கும் வரை அதனால் பெரிய தொல்லையில்லை. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் இழைகள் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். புகைபிடிப்பவருக்கு இந்த ஆபத்து பன்மடங்காகிறது. ஷீட்டை மாற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, முழு ஷீட்டாகவே இறக்குங்கள். உடைந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் எடுத்துக் கட்டிப் போடுங்கள். கல் அறுப்பவர்களுக்கும் சிமெண்ட் தளம் வெட்டுபவர்களுக்கும் இதே விதிதான்: நனைத்து வெட்ட வேண்டும், துணியைக் கட்டிக்கொள்வது போதாது. வெல்டிங் வேலை செய்பவர்கள் காற்று மாறும் இடத்தில் செய்ய வேண்டும்.

ஐராவதிக் கழிமுகத்தில் வாழும் நம் மக்களுக்குத் தனியாக ஒரு சொல். அப்பகுதியின் சில இடங்களில் குழாய்க் கிணற்று நீரில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் கலந்திருக்கிறது. நீண்ட காலம் அந்நீரைக் குடித்தால் தோல், சிறுநீர்ப்பை ஆகியவற்றோடு நுரையீரலிலும் புற்றுநோய் வரலாம். ஆர்செனிக்குக்கு நிறமும் சுவையும் இல்லை. கொதிக்க வைத்தால் அது போகாது, நீர் வற்றுவதால் அடர்த்தி கூடவே செய்யும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. கிணற்றை ஒரு முறையேனும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை, பெரிய மண் சாடிகளில் மழைநீரைப் பிடித்துக் குடிக்கும் கழிமுகத்து வழக்கமே பாதுகாப்பானது. குழாய்க் கிணற்று நீரைக் கழுவவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரைகள்

காய்கறியும் பழமும் நிறைய உண்பது உடம்புக்கு நல்லது. ஆனால் அவற்றின் சத்தை மாத்திரையாக விழுங்கிப் புகையின் கேட்டை ஈடுகட்டலாம் என்று நம்பி யாரும் காசைக் கரியாக்க வேண்டாம். பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் (கேரட் போன்ற காய்களில் உள்ள சத்து) மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக வந்ததாக 1994இல் தெரியவந்தது. அமெரிக்காவில் இதே போன்ற ஆய்வு ஒன்றை 1996இல் பாதியில் நிறுத்தவே வேண்டியதாயிற்று. புகைபிடிப்பவர்களும் முன்பு பிடித்து நிறுத்தியவர்களும் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

இருமல் நிற்காதபோது

ஆபத்து மிகுந்தவர்கள் நோய் தெரியும் முன்பே பரிசோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. குறைந்த கதிர்வீச்சுள்ள சி.டி. ஸ்கேனை ஆண்டுதோறும் எடுத்தால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைவதாக, 53,000க்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. சாதாரண எக்ஸ்ரேயை ஆண்டுதோறும் எடுப்பதால் அந்தப் பயன் இல்லை. அங்குள்ள நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021இல் வெளியிட்ட பரிந்துரை, 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, ஒரு நாளைக்கு 20 சிகரெட் வீதம் 20 ஆண்டு அல்லது 40 வீதம் 10 ஆண்டு என்ற அளவுக்குப் பிடித்து, இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், விட்டு 15 ஆண்டு ஆகாதவர்களுக்கும் உரியது. ரங்கூனிலோ மண்டலேயிலோ ஸ்கேன் எடுக்கும் வசதியும் பணமும் உள்ளவர்கள், இந்த வரையறைக்குள் வந்தால் மருத்துவரைக் கேட்டுப் பார்க்கலாம்.

வசதி இல்லாதவர்கள் அறிகுறியைக் கவனிப்பதில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல். நெடுநாளாக இருக்கும் இருமலின் தன்மை மாறுவது. சளியில் ஒரு துளியானாலும் இரத்தம். கம்மிப்போய்த் திரும்பாத குரல். தோளிலோ விலாவிலோ ஓயாத வலி. காரணமின்றி எடை குறைவது. நுரையீரலின் அதே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். விரல் நுனியும் காட்டிக்கொடுக்கும். இரு கைகளின் ஆள்காட்டி விரல் நகங்களை முதுகோடு முதுகாக ஒட்டிப் பிடித்தால், நகங்களின் அடியில் சிறிய சாய்சதுர இடைவெளி ஒன்று தெரிய வேண்டும். அது மறைந்து, விரல் நுனிகள் முரசடிக்கும் கோலின் முனைபோல் உருண்டு திரண்டிருந்தால், நுரையீரலை உடனே பரிசோதிக்க வேண்டும். பெரியப்பாவின் விரல்கள் அப்படித்தான் மாறியிருந்தன. உழைத்த கை தடித்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இந்நாட்டில் காசநோய் அதிகம் என்பதால், இருமலோடு போகும் எவரையும் மருத்துவர் முதலில் காசநோய்க்குச் சோதிப்பது முறையே, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை எங்கே வருகிறதென்றால், சளியில் கிருமி இல்லாதபோதும் எக்ஸ்ரேயின் நிழலை மட்டும் வைத்து மருந்து தொடங்கி, அந்த மருந்தால் குணம் தெரியாதபோதும் அதையே தொடர்வதில். பெரியப்பாவுக்கு அதுதான் நேர்ந்தது. ஆகவே சளிப் பரிசோதனையின் முடிவு என்ன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். இரண்டு மாதம் முறையாகச் சாப்பிட்டும் இருமலோ எடையோ நிழலோ மாறாவிட்டால், "இது வேறு ஏதாவதாக இருக்குமா, சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா ஐயா" என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி ஓர் உறையில் வைத்திருங்கள். புதிய படத்தின் பக்கத்தில் பழைய படத்தை வைத்துப் பார்க்கும்போதுதான், அந்த நிழல் ஆறிய தழும்பா, வளரும் கட்டியா என்று மருத்துவருக்குத் தெளிவாகத் தெரியும். எத்தனை வயதில் புகைக்கத் தொடங்கினார், எத்தனை ஆண்டு விறகடுப்பில் சமைத்தார், என்ன தொழில் செய்தார் என்பதையும் ஒரு தாளில் எழுதி அந்த உறைக்குள்ளேயே வையுங்கள்.